லண்டனுக்கு நடுவில் ஓர் அமாவாசை

எங்கள் வீட்டில் பிரயாணம் என்றால் வேன்தான். என் வீட்டுக்காரரின் தங்கைக்கு எங்களுக்கு அடுத்த வீடு. வருஷத்துக்கு ஒரு தடவை அவள்தான் தெருவில் ஆள் சேர்த்து வேன் பேசுவாள். விடிவதற்கு முன்னால் ஆரணியை விட்டால் இரண்டு நாளில் ஒன்பது கோயில். ஆம்பளைகளுக்கு முன் சீட்டு, பொம்பளைகளுக்குப் பின் சீட்டு. தூக்குவாளியில் புளிசோறு. எந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்பது நினைவிருக்கும், எந்தச் சாமி எந்த ஊர் என்பது நினைவிருக்காது. திரும்பி வந்து இறங்கியதும் நாத்தனார் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஒண்ணுகூட வுடல" என்பாள். அதுதான் எங்களுக்குப் பெருமை.

அதனால் என் மகள் வெளிநாடு போகலாம் என்று சொன்னபோது அதையும் நாங்கள் வேன் மாதிரியே நினைத்துக்கொண்டோம். அவளும் அந்த வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வளர்ந்தவள்தானே.

மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். சித்திரை மாதத்தில் அவளுக்குச் சேர்ந்தாற்போல ஒரு வாரமும் கொஞ்சமும் லீவு கிடைத்தது. அந்த லீவை விட்டால் வேறு கிடையாது என்றாள். ஒரு சனிக்கிழமை வந்து, எங்கள் பட்டுத்தறிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்தாள். என் வீட்டுக்காரர் தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். நாத்தனார் கூப்பிடாமலே வந்துவிட்டாள். நான் சமையலறைக் கதவுக்கு உள்பக்கம் நின்று அவரைக்காய் நறுக்கினேன்.

"மொதல்ல லண்டன். அப்பறம் பாரிஸ். அங்கிருந்து காலைல ரயில் ஏறினா சுவிட்சர்லாந்து. பனிமலை பார்த்துட்டு ரிட்டர்ன்" என்றாள் மகள்.

"ரோம் பக்கந்தானே? அதையும் சேத்துக்கோ" என்றாள் நாத்தனார். பக்கம் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

"அத்தை, நேரம் பத்தாது."

"ஜல்தியா பார்த்துட்டு ஜல்தியா ஏறணும். அவ்ளோ தூரம் போயி உட்டுட்டு வர்றதா?"

தறிச் சத்தம் நின்றது. தறி நின்றால் அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அர்த்தம். குழியிலிருந்து ஏறி வந்து, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் கத்தையாகத் தாள்களைத் தூக்கிச் சித்திரையைப் பார்த்தார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார்.

"இன்னா நைனா, திடீர்னு?"

"நடுவுல அமாவாசை வருது."

"அமாவாசைதான் மாசாமாசம் வருதே."

"அதான் சொல்றேன். மாசாமாசம் வர்றத வுட முடியாது."

எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாள் தெருவே சத்தமில்லாமல் கிடக்கும். அவர் அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, அப்பா அம்மாவுக்குப் படைப்பார். காக்கை வந்து ஒரு வாய் எடுத்த பிறகுதான் இலையில் உட்காருவார். மாமனார் போனதிலிருந்து ஒரு அமாவாசையும் தவறியதில்லை. எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்றைக்கும் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மகள் பிறந்தது சாயங்காலம்தான்.

மகள் போட்ட கணக்கில் அந்த அமாவாசை அன்று காலையில் நாங்கள் பாரிசில் ரயில் ஏற வேண்டும்.

"ரயில்ல எங்க படைக்கிறது?" என்று அவர் கேட்டார்.

"அண்ணே, ஒரு காக்காவப் புடிச்சி கூண்டுல போட்டு எடுத்துகினு போயேன். அதுக்கும் ஒரு விசா எடுத்துடலாம்" என்றாள் நாத்தனார்.

மகள் சிரிக்கவில்லை. "நைனா வரலன்னா யாருமே போக வேணாம்" என்று சொல்லி லேப்டாப்பைப் பாதி மூடினாள். அவள் கண் கலங்கியதைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

எனக்கு லண்டனும் தெரியாது, பாரிசும் தெரியாது. அவர் வர வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. மற்ற நாளெல்லாம் தறி, ஓய்ந்திருக்கிற ஒரு நாளில் படையல், வருஷத்துக்கு ஒரு வேன். அந்த வேனிலும் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் பேசுகிற இடத்தில் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்து வீட்டில் திட்டு வாங்குவேன். அன்றைக்கு என்ன தைரியமோ, அவரைக்காய் முறத்தோடு வெளியே வந்து, "ஒரே ஊரு போதும்" என்றேன்.

யார் காதிலும் விழவில்லை. நாத்தனார் ரோமுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக, யாரையோ அதட்டுவதுபோல வந்துவிட்டது. "ஒரே ஊரு போதும்! நடுவுல அமாவாசை. அன்னிக்கு எங்கியும் போவ வேணாம். ஓட்டல் வேணாம், அடுப்பு இருக்கிற வீடா பாரு. நான் ஆக்கறேன், அவரு படைக்கட்டும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முறத்தைப் பார்த்தேன்.

முதலில் வாயைத் திறந்தது நாத்தனார்தான். "இன்னா அண்ணி, ஏரோப்ளேன்ல அவ்ளோ தூரம் போயி ஒரே ஊரா? அதுக்கு போளூர் போய்ட்டு வர்லாமே. பஸ்லயே போய்டலாம்."

ஆனால் அவர் காலண்டரை விட்டுத் திரும்பி, "அங்க காக்கா கீதா?" என்று மகளைக் கேட்டார்.

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. வரமாட்டேன் என்கிற ஆள் காக்கையை விசாரிப்பாரா?

மகள் உடனே போனைத் தட்டிப் பார்த்தாள். "கீது நைனா! நெறைய கீது. இரு, சத்தமே போடுறேன்." போனிலிருந்து ஒரு லண்டன் காக்கை கத்தியது. எங்கள் மாடியிலிருந்து ஒன்று அதற்குப் பதில் கொடுத்தது. அவர் இரண்டையும் கேட்டுவிட்டு, "நம்ம பாஷைதான் பேசுது" என்று சொல்லித் திரும்பக் குழியில் இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு மகள் திட்டத்தை என்னோடு உட்கார்ந்துதான் போட்டாள். என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு ஒரு காரியத்தைத் திட்டம் போட்டதில்லை. பாரிசுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் தனி விசா வாங்க வேண்டும், ஊர் மாறுகிற ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டிப் பிரிப்பதிலேயே பாதி நாள் போய்விடும் என்பதெல்லாம் அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. "தெரிஞ்சிதான் இத்தனையும் போட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னொரு வாட்டி வருவீங்களோ இன்னாவோம்மா. அதான் எல்லாத்தையும் காட்டிடணும்னு."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

போய் இறங்குகிற நாளில் ஒன்றும் வேண்டாம், தூங்கி எழுந்தால் போதும் என்று முடிவு செய்தோம். உடம்பு இங்கே நடுராத்திரி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே சாயங்காலமாக இருக்குமாம். கிளம்புகிறதற்கு முந்தின நாளும் அப்படியே. மற்ற நாட்களில் காலையில் ஒரே ஒரு இடம், மத்தியானம் வீடு. அவள் ஒவ்வொரு இடமாகப் படம் காட்டுவாள். நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: "உக்கார எடம் கீதா?" இல்லை என்றால் அந்த இடம் போச்சு. ராஜா வீட்டு வாசலில் காவல்காரர்கள் மாறுவதைக் கூட்டத்தில் மணிக்கணக்காய் நின்று பார்க்க வேண்டும் என்றாள். போச்சு. ஆற்றில் படகு என்றாள். படகில் பெஞ்சு உண்டு. வைத்துக்கொண்டோம். கடைசியில் கோயிலுக்கு எண்ணுகிற மாதிரி எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கூட நிறையவில்லை.

"தெருவுல கேட்டா இன்னா சொல்லுவ அண்ணி? பேஜாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நாத்தனார். ஆனால் படையலுக்கு வேண்டும் என்று எள்ளையும் துவரம்பருப்பையும் சுத்தம் செய்து பொட்டலம் கட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

நடுவில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இங்கே பொழுது விடியும்போது அங்கே ராத்திரி என்றால், எந்த ஊர் அமாவாசையைப் பிடிப்பது? கோயில் ஐயரிடம் போய்க் கேட்டார். "நீங்க எங்க இருக்கேளோ அந்த ஊர் சூரியனைத்தான் பார்க்கணும்" என்றாராம் ஐயர். அதன் பிறகு அவருக்கு நிம்மதி. சென்னையில் விசாவுக்கு ரேகை வைத்தபோது மட்டும் கொஞ்சம் தவித்துவிட்டோம். பட்டு இழையை முறுக்கி முறுக்கி என் கட்டைவிரலில் ரேகை தேய்ந்திருக்கிறது, ரேஷன் கடையிலும் சட்டென்று விழாது. துடைத்துத் துடைத்து வைத்து எப்படியோ விழுந்தது.

லண்டன் போனோம். போட்டது போட்டபடி நடந்தது. முதல் நாள் தூங்கினோம். படகில் உட்கார்ந்து பாலத்துக்கு அடியில் போனோம். நாங்கள் தங்கிய வீடு ஒரு பூங்காவுக்கு எதிர்ச்சந்தில், கீழ்த்தளத்தில் இருந்தது. பின்பக்கம் பாய் அகலத்துக்கு ஒரு புல்தரை.

அமாவாசை அன்று அவர் விடியற்காலையிலேயே குளித்துவிட்டார். முந்தின நாள் மகள் தமிழ்க்காரர் கடை ஒன்றைத் தேடிப்போய் வாழைக்காய், பூசணிக்கீற்று, வாழையிலைகூட வாங்கி வந்திருந்தாள். புகை வந்தால் மணி அடிக்குமாம், அதனால் சூடம் ஏற்ற வேண்டாம் என்றாள். வடை சுடும்போது ஒரு கையில் துண்டால் விசிறிக்கொண்டே நின்றாள். அவர் சூடமில்லாமல் கைகூப்பி நின்றார். பிறகு இலைத்துண்டில் சோறு எடுத்துப் போய்ப் புல்தரைச் சுவரின் மேல் வைத்து, நம் ஊரில் கூப்பிடுகிற அதே குரலில் "கா கா" என்றார்.

முதலில் வந்தது ஒரு அணில், பூனைக்குட்டி அளவுக்கு. "ச்சூ, நீ இல்ல" என்று அதை விரட்டினார். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளைக் கழுவினேன். ஒரே ஊர் என்று அதட்டினது நான்தானே. காக்கை வராமல் போனால் அவர் அன்றைக்கு முழுக்கப் பட்டினி, அதற்குப் பொறுப்பு நான்.

அப்புறம் அது வந்தது. கழுத்தில் சாம்பல் இல்லாத முழுக்கறுப்பு. சுவரில் அங்குமிங்கும் நடந்து, எங்களை ஒரு பார்வை பார்த்து, வடையை எடுத்துக்கொண்டு போனது.

"அண்டங்காக்கா" என்றார் அவர். "பரவால்ல. எங்கப்பாவுக்கும் வடைதான் மொதல்ல வேணும்." அவர் சிரித்ததும் நான் குழாயை மூடிவிட்டு இலைகளை எடுத்தேன்.

மூன்று பேரும் இலை போட்டுச் சாப்பிட்டோம். மகள் அப்படியே சோபாவில் தூங்கிப்போனாள். அன்றைக்குத் திட்டத்தில் ஒன்றுமே இல்லை. அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வர்றியா, அந்தப் பார்க்குல போயி உக்காரலாம்" என்றார்.

கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினோம். வழக்கம்போல அவர் முன்னால், நான் பின்னால். பெரிய ரோடு வந்ததும் அவர் நின்றுவிட்டார். வண்டிகள் வந்த வேகத்தைப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பத்தில் இருக்கிற பொத்தானை மகள் தினமும் அழுத்துவதை நான் கவனித்து வைத்திருந்தேன். அழுத்தினேன். பச்சை ஆள் படம் வந்தது. இரண்டு பக்கமும் அத்தனை வண்டியும் எனக்காக நின்றன. ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோகூட எனக்கு நின்றதில்லை. "வாங்க" என்று சொல்லி முதலில் நான் இறங்கினேன். அவர் என் பக்கத்தில் நடந்தார்.

பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நாய்களைப் பார்த்தோம், குழந்தைகளைப் பார்த்தோம். வெயில் அடித்தும் குளிர்ந்தது. அவர் துண்டை எடுத்து என் காதை மூடிக் கட்டிவிட்டார்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. தூங்கி எழுந்த மகள், எங்களைக் காணாமல் பதறிப்போயிருந்தாள். ஸ்பீக்கரில் போடாமலே அவள் குரல் எனக்குக் கேட்டது. "எங்க கீறீங்க நைனா? வழி தெரியாம எங்க போனீங்க?"

அவர் நிதானமாகச் சொன்னார்: "பயப்படாத. உங்கம்மாதான் என்ன இட்டுகினு வந்துகீறா."