டிராகன் சொன்ன ‘நாம’

“நீதான் வசனம் எழுதுற பொண்ணா?” என்று முதல் நாள் அக்கா கேட்டார்.

“ஆமாக்கா.”

“இந்த டிராகன் அழுமா?”

“அழாது.”

“கும்பலோட நின்னு கத்துமா?”

“இல்லக்கா, பேசும். படம் முழுக்கப் பேசும்.”

அக்கா கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். “அப்போ நாம ஆள் மாறி வந்துட்டோம்போல” என்றார்.

டப்பிங் கூடத்தில் அவருக்குக் ‘கூட்டம்’ என்று பட்டப்பெயர். சந்தை இரைச்சல், தீயைக் கண்டு ஓடுகிறவர்கள், தொட்டிலில் வீறிடும் குழந்தை எல்லாமே அவர்தான். சிறுவர் மாயக்கதைப் புத்தக வரிசை ஒன்று அனிமேஷன் படமாகி, தமிழில் பேசவைக்க எங்களிடம் வந்திருந்தது. அதில் ஒரு சிறுமி மாடியறையில் ஒளித்து வளர்க்கும் டிராகனுக்கு அக்காவின் குரல்தான் வேண்டும் என்றார் டைரக்டர். இத்தனை வருடத்தில் வசனம் உள்ள வேடம் அவருக்கு அதுதான் முதல்.

அக்காவின் வாயில் ‘நாங்க’ என்ற சொல்லே வராது. யாரிடம் பேசினாலும் ‘நாம’தான். “போன வாரம் நாம பல்லைப் பிடுங்கினோம்” என்பார். கேட்பவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

கடைசிக் காட்சியில், தன் இனத்தோடு மலைக்குத் திரும்பும் டிராகன் சிறுமியிடம் விடைபெறும். “நாங்க போறோம்” என்று எழுதியிருந்தேன். அக்கா “நாம போறோம்” என்று பேசிவிட்டார். பேசிய விதத்தில் எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கியிருந்ததால் ஒருவர் காதிலும் அது விழவில்லை.

மறுநாள் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள், உறுமி உறுமி அக்காவின் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு வாரம் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படத்தை இரண்டு நாளில் அனுப்பியாக வேண்டும்.

“‘நாம’ன்னா அந்தப் பொண்ணும் கூடப் போறான்னு ஆயிடும், கதையே கவுந்துடும்” என்றார் டைரக்டர். “ஒரு வரிக்கு மட்டும் வேற குரல் ஒட்டாது. வேற ஆளை வெச்சு முழுசாப் பேசிடலாம்.”

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். வெந்நீர் பிளாஸ்க்கோடு உடன் வந்திருந்த அவருடைய கணவர், “நேத்து ராத்திரியிலேருந்து வீட்டுல நான்தான் பேசுறேன். என் குரல் எனக்கே புதுசா இருக்கு” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வேறு காட்சியிலிருந்து ஒரு ‘நாங்க’வை வெட்டி ஒட்டலாம் என்று ஒலிப்பதிவாளர் தேடினார். படம் முழுக்க டிராகன் சிறுமியோடு மட்டுமே பேசுகிறது, எல்லாம் ‘நாம’. நான் கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னேன். டிராகன் பேசியதும் சிறுமி, “திரும்பி வருவியா?” என்று கேட்பாள். டிராகன் மெல்லத் தலையசைத்து மறுக்கும். அவள் கேட்கும்போது முதுகுதான் தெரிகிறது, வாய் தெரியவில்லை.

“சார், அவ ‘நானும் வரட்டுமா’ன்னு கேட்டா?”

“புத்தகத்துல அப்படி இல்லையே.”

“வேணாம்னு தலையாட்டுறது படத்துலயே இருக்கு சார்.”

சிறுமிக்குக் குரல் கொடுத்தவரை மதியமே வரவழைத்துப் பேசவைத்தோம். ‘நாம போறோம்.’ ‘நானும் வரட்டுமா?’ டிராகன் தலையசைத்து மறுத்தது. வாய் தவறிச் சொன்ன சொல், பிரிய மனமில்லாமல் சொன்னதாகிவிட்டது. டைரக்டர் இரண்டு முறை பார்த்தார். “இருக்கட்டும். கூட்டம் தப்பிச்சுது” என்றார்.

அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கணவர் அவருக்கென்று வெந்நீரை ஊற்றி, மறதியில் தானே குடித்துவிட்டார். சத்தம் வராமல் தோள் குலுங்க அக்கா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

படம் வெளியாவதற்கு முந்தின நாள் அக்கா போன் செய்தார். குரல் முழுதாகத் திரும்பியிருந்தது. ‘நாம’வைத்தான் காணவில்லை.

“கண்ணு, தமிழ்க் குரல் பேரெல்லாம் கடைசியிலதான் வருதாம். படம் முடிஞ்ச உடனே தியேட்டர்ல லைட்டைப் போட்டுடுவாங்க. எனக்குக் கேக்கக் கூச்சமா இருக்கு. ஒரே ஒரு நிமிஷம் பொறுத்துப் போடச் சொல்லி நீ கேக்கிறியா?”