குணம் அக்கா எழுந்திருக்கவில்லை

எங்கள் இலக்கியத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் புதிதாகச் செத்தவர் ஒருவர் வேண்டும். வெளியே சொன்னால் குழுவில் கோபப்படுவார்கள், ஆனால் விஷயம் அதுதான். ராமநாதபுரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, புத்தகக் கடைகள் பரப்பி மூன்று நாள் நடத்துகிற விழா. நுழைவாயிலுக்கு ஒருவர் பேர், அரங்குக்கு ஒருவர் பேர் என்று வைப்பார்கள். எல்லாம் காலமானவர்கள் பேர். உயிரோடு இருக்கிற ஒருத்தர் பேரை வைத்தால், இன்னொருத்தர் முறைத்துக்கொண்டு மைதானத்துப் பக்கமே வரமாட்டார். அதனால் இப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது.

நான் மாரிச்செல்வி. உச்சிப்புளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். விழாவின் வரவேற்புக் குழுவில் நானும் உண்டு. போட்டோவில் ஒரு பொம்பளை வேண்டும் என்று சேர்த்தார்கள், எனக்கு வாய் நீளம் என்பது தெரியாமல். குறை சொல்கிறேனே தவிர, அந்த மூன்று நாளுக்காக வருஷம் பூராவும் ஏங்கிக் கிடக்கிறவள்தான் நானும். எழுத்தாளர்கள் காலை ரயிலில் வந்து இறங்குவதும், அதில் பாதிப் பேர் பாம்பன் பாலத்தில் போட்டோ எடுக்கவே வந்திருப்பதும், அழைப்பிதழில் யார் பேர் மேலே என்று நடக்கும் அடிதடியும், கையெழுத்துக்கு வரிசையில் நிற்கிற காலேஜ் பிள்ளைகளும், சுக்குக் காபியும் எனக்குப் பிடிக்கும். மிளகாய்க் காட்டிலும் தையல் மிஷினிலும் முதுகு ஒடிகிறவளுக்கு அதுதான் தீபாவளி.

குணம் அக்காவுக்கு முழுப்பெயர் குணபூஷணி. மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைக்காரர். ஊர் மன்னார்ப் பக்கம் முருங்கன். சண்டை உச்சத்தில் இருந்தபோது கைக்குழந்தையோடு படகேறி வந்தவர். அந்தக் குழந்தை நிஷாந்தி இப்போது ராமநாதபுரத்தில் காலேஜில் படிக்கிறாள். அக்கா என் கடையில் கொக்கி வைக்கவும் ஓரம் மடித்துத் தைக்கவும் பஸ்ஸில் வருவார். அதிகம் பேசமாட்டார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, எந்நேரமும் அது கலையாமல் இருக்கும். புத்தகத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. சம்பந்தமெல்லாம் அவர் வீட்டுக்காரர் பரமநாதன் அண்ணனுக்குத்தான்.

அண்ணன் பெயிண்டர். எங்கள் விழாக் குழுத் தலைவர் ராமசுப்பிரமணியன் சாருக்கு ராமநாதபுரத்தில் பெயிண்ட் கடை. அங்கே பிரைமர் வாங்க வந்த இடத்தில் கல்லாமேல் கிடந்த புத்தகத்தை அண்ணன் இரவல் கேட்டார். அன்று பிடித்த பைத்தியம் அப்புறம் விடவில்லை. விழாவுக்கு நாற்காலி இறக்குவது அவர், சீரியல் லைட் கட்டுவது அவர், முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்பதும் அவர். எந்த எழுத்தாளர் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "உங்கட கதையில வாற அந்த ஆள் பிறகு என்ன ஆனார்?" எழுத்தாளர் திருதிருவென்று விழிப்பார். கூட்டம் சிரிக்கும், அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

போன வருஷ விழா முடிந்து கொஞ்ச நாளில் முருங்கனிலிருந்து போன் வந்தது. அண்ணனுடைய தாய் படுத்த படுக்கையாகிவிட்டார், மகனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று. முறையாகப் போவதற்கு அனுமதி கேட்டு அலைந்தால் அது வருவதற்குள் கிழவி போய்ச் சேர்ந்துவிடுவாள். அண்ணன் ஒரு சாயங்காலம் ஏதோ ஒரு கரையில் கள்ளப் படகு ஏறிவிட்டார். நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டேன், அந்தப் பக்கத்துப் படகு வந்து ஏற்றிக்கொள்ளும் என்று படகுக்காரன் போனில் சொன்னான். அதோடு அவன் போன் அணைந்தது. கிழவி மகனைப் பார்க்காமலே செத்தாள். அண்ணன் அங்கேயும் போய்ச் சேரவில்லை, இங்கேயும் திரும்பவில்லை.

காணவில்லை என்று அக்கா எங்கேயும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் கள்ளத்தனமாகப் போனார் என்று கேஸ் வரும், வீட்டில் இருக்கிறவர்களைப் பிடித்துக்கொள்வார்கள், மகளை வெளியே விடமாட்டார்கள் என்று முகாமில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். அதில் பொய்யும் இல்லை. "அம்மா, ஆரிட்டயும் வாய் திறக்காதேங்கோ" என்று நிஷாந்தி காலைப் பிடித்து அழுதிருக்கிறாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் அக்கா ஒரே பதில்தான் சொன்னார்: கேரளாவில் பெயிண்ட் வேலைக்குப் போயிருக்கிறார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். சொல்லிவிட்டு, "வருவார் பிள்ளை" என்பார். நானும் தலையாட்டுவேன்.

ஆனால் கடலோரத்தில் எந்த ரகசியம் நின்றிருக்கிறது? சாருக்கும் சேதி போய்விட்டது. அவர் நல்ல மனுஷன், தொட்டதுக்கெல்லாம் கண் கலங்குகிறவர். விழா நெருங்குகிற சமயத்தில் ஒருநாள் பழத் தட்டோடு என் கடைக்கு வந்து அக்கா முன்னால் நின்றார்.

"இந்த வருசம் அரங்கத்துக்கு நம்ம பரமநாதன் பேரைத்தாம்மா வைக்கிறோம். நீங்க வந்து குத்துவிளக்கு ஏத்தி வைக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "உசுரோட இருக்கவுக பேரை நாம வைக்கிறதில்லையே சார்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"இந்த வருசம் வைக்கிறோம்மா" என்றார். அக்கா முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்காரிக்குத் தெரியாமலா இருக்கும், மனசுக்குள் ஒத்துக்கொண்டிருப்பாள், நாமாக எதற்கு வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நம் ஆட்களின் மரியாதை இப்படித்தான் ஆளைக் குழியில் தள்ளும்.

அக்காவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வந்து பார்த்தால் மனுசன் பூரித்துப்போவார் என்றார். பெட்டியில் இருந்த பட்டுச் சேலைக்கு என்னிடம் புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார்.

விழா அன்று காலை தலை நிறைய மல்லிகையோடு வந்து இறங்கினார், கூட நிஷாந்தி. மைக் செட்டில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். புத்தகக் கடைகளில் அப்போதே கூட்டம் மொய்த்தது. ஆட்சியர் வருவதாக இருந்ததால் வாசலில் போலீஸ். நான் அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அரங்கத்துக்குள் போனேன்.

மேடை முழுக்க ஃப்ளெக்ஸ். போன வருஷம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சிரித்த அண்ணனின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே 'அமரர் பரமநாதன் நினைவரங்கம்' என்று எழுத்து. முன்னால் மேஜையில் அதே படம் சட்டம் போட்டு, சந்தன மாலையோடு. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் உதிரிப் பூ.

அக்கா படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா தெரியாதுக்கா" என்றேன். அதற்குள் மைக்கில் அறிவிப்பு வந்துவிட்டது: "நம்மை விட்டுப் பிரிந்த அன்புச் சகோதரர் பரமநாதனுக்காக அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்."

அத்தனை கூட்டமும் எழுந்தது. முதல் வரிசையில் குணம் அக்கா மட்டும் நாற்காலியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. ஒரு தொண்டர் குனிந்து பூத்தட்டை நீட்டினார். அதைத் தள்ளிவிட்டு அக்கா நேரே மைக்குக்கு நடந்தார்.

"இருங்கோ. எல்லாரும் இருங்கோ" என்று கூட்டத்தை உட்காரச் சொன்னார். குரல் அடங்கித்தான் இருந்தது. "என்ட மனுசன் சாகேல்ல. தாயைப் பாக்க எண்டு படகில போனவர். மணல் திட்டில இறக்கி விட்டவங்களாம். பிறகு ஒரு தகவலும் இல்ல. செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? ஆராவது உடம்பைப் பாத்தனீங்களா? பாத்தனீங்க எண்டால் சொல்லுங்கோ. இல்லையெண்டால் தேடுங்கோ. பெரிய ஆக்கள் எல்லாம் வந்திருக்கிறீங்க, ஒருக்காத் தேடித் தாங்கோ."

"அம்மா, கதையாதேங்கோ! அம்மா!" நிஷாந்தி மேடைப் படியில் நின்று அலறினாள்.

அக்கா படத்தில் இருந்த மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார், படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அப்போது கூட்டம் கை தட்டியது. கை தட்டினார்கள்! யாரோ தொடங்கி அரங்கமே தட்டியது, ஏதோ கவிதை வாசித்து முடித்ததுபோல. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. சென்னையிலிருந்து வந்த எழுத்தாளர் ஒருவர் அடுத்துப் பேசும்போது, இதுதான் உண்மையான இலக்கியம் என்றார். அவருக்கும் கை தட்டினார்கள்.

ராமசுப்பிரமணியன் சார் சமையல் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அவரைத் திட்டக்கூட மனசு வரவில்லை. மத்தியானத்துக்குள் ஃப்ளெக்ஸில் அண்ணன் பேர்மேல் வெள்ளைத் துணி கட்டிவிட்டார்கள். கவியரங்கம் குறித்த நேரத்தில் ஆரம்பித்தது.

பயந்தபடியே நடந்தது. விழா முடிந்த கையோடு முகாமில் விசாரணை. முடிகிறவரைக்கும் குடும்பத்தில் யாரும் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சை நேரத்தில் நிஷாந்தியின் காலேஜ் நின்றது. அவள் அம்மாவோடு பேசுவதை விட்டுவிட்டாள். ஒரே அறைக்குள் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்ததை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். "செத்தவருக்காக உயிரோட இருக்கிற என்னைச் சாகடிச்சுப் போட்டா" என்று அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன். எந்தப் படகு, யார் ஏற்பாடு, எந்தக் கரை, என்ன சட்டை, எந்தப் பக்கம் மச்சம், என்ன கொண்டு போனார் என்று கேள்விமேல் கேள்வி. அக்கா நடுங்குவார் என்று நினைத்தேன். அவரோ ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, ஆசையாகப் பதில் சொன்னார். நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது முழங்கையில் பெயிண்ட் டப்பா கிழித்த தழும்பு. பையில் தாய்க்குப் பனங்கற்கண்டு. அண்ணன் போன நாளிலிருந்து இவ்வளவையும் அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

கடைசியில் அதிகாரி சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மேல கேஸ் போட்டிருக்கும்மா. ஆள் தலைமறைவு. தேடிக்கிட்டிருக்கோம்."

நாங்கள் எழுந்தோம். அக்கா முன்னால் போய்விட, வாசலில் நின்ற போலீஸ்காரர் என் காதருகில், "தேடவெல்லாம் யாரும் போகமாட்டாங்கக்கா. எழுதி வைக்கிறதுதான். அந்தத் திட்டுல அன்னைக்குக் காத்து எப்படி அடிச்சுச்சுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார்.

எதிரே டீக்கடை. அக்கா தண்ணீர் வாங்கி முகம் கழுவினார். வேர்வையில் கரைந்திருந்த பொட்டை முந்தானையால் துடைத்துவிட்டு, பையிலிருந்த குங்குமத்தை எடுத்துப் புதிதாக வைத்துக்கொண்டார்.

"தேடுறம் எண்டு சொன்னவர், என்ன பிள்ளை?"

"ஆமாக்கா. சொன்னாரு."

"செத்த ஆளைப் பொலிஸ் தேடாதுதானே?"

"தேட மாட்டாங்கக்கா."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா ஏதோ கணக்குப் போடுகிறவர்போல ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிபட்டா உள்ளுக்குப் போடுவாங்களோ?"

"போடுவாங்கக்கா. கொஞ்ச நாள் இருக்க வேண்டி வரும்."

"பரவாயில்ல" என்றார் குணம் அக்கா. அண்ணன் போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "ஜெயில் எண்டால் போய்ப் பாக்கலாம்தானே."

"பாக்கலாம்க்கா" என்றேன்.