மணல் ஒட்டிய ஓவியம்

போன வருடம் மார்ச் மாதம், ஜெய்சால்மர் பக்கத்து மணல்மேடுகளில் நடந்தது இது. நான் சென்னிமலையில் பெட்ஷீட்டுக்கு டிசைன் வரைபவள். என்னோடு ஓவியம் படித்த தோழி அன்னூரில் இருக்கிறாள். இருவரும் சேர்ந்து கோவையில் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. பாலைவனத்தை வரையலாம் என்று ஆசை காட்டி அவளை அழைத்துப் போனதே நான்தான்.

முதல் நாளே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. எனக்கு மணல் வெறும் மணலாகத்தான் தெரிந்தது. அவளோ காலை வெயிலில் அதை ரோஜா நிறமாகப் பார்த்தாள். ஒட்டகத்தின் நிழலில் ஊதாவைப் பார்த்தாள். அவள் பூசிக் காட்டிய பிறகுதான் அந்த நிறங்கள் என் கண்ணுக்கே தட்டுப்பட்டன. ஜீப் ஓட்டி வந்தவர்கூட என் படத்தைத் தாண்டிப் போய் அவள் படத்தின் முன்னால் நின்றார். "உன்னுதும் நல்லாத்தான் இருக்குது புள்ள" என்று அவள் சமாதானம் சொன்னபோது இன்னும் எரிந்தது.

கடைசி நாள் சாயங்காலம். அவள் பார்க்காத வெளிச்சத்தை நான் பிடித்துவிட வேண்டும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் சில மேடுகள் தாண்டிப் போனேன். வண்ணப்பெட்டியைத் திறப்பதற்குள் காற்று கிளம்பியது. என் காலடித் தடமெல்லாம் அழிந்துபோனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பழுப்பு. போனில் சிக்னல் இல்லை. கத்தினால் வாய் நிறைய மணல். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்று அழுதபடி உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. "ஏம்புள்ள, எங்க இருக்கற?" என்று அவள் குரல் கேட்டது. தொண்டை கிழியக் கத்தினேன்.

"அங்கயே உக்காரு, நகுராத. நா வாரேன்!"

வந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜீப்காரர் விடாமல் ஹாரன் அடிக்க, அந்தச் சத்தத்தை வைத்தே திரும்பி வந்தோம்.

அங்கே அவளுடைய ஓவியம், ஈரம் காயாமலே, மணலில் குப்புறக் கிடந்தது. அவள் வரைந்ததிலேயே அருமையானது அது. "உன்னயக் காணோம்னதும் அப்படியே போட்டுப்போட்டு ஓடியாந்தேன்" என்றாள். அந்த நேரத்திலும், அந்தப் படம் கெட்டுப்போனதில் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது.

கண்காட்சியில் அதையும் அவள் மாட்டினாள். எண்ணெய் வண்ணத்தில் ஒட்டிய மணல் விளக்கொளியில் மினுமினுத்தது. கூட்டமெல்லாம் அதன் முன்னால்தான். "ஏனுங்க, நெச மணலுங்களா? எப்படிங்க ஒட்டுனீங்க?" என்று ஒருவர் கேட்டார். "காத்து ஒட்டுச்சுங்க" என்று சிரித்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கு அப்போதும் பொறாமைதான்.

அவளுடைய கண்ணும் கையும் எனக்கு வாய்க்கவில்லையே என்று இன்றும் பொறாமைப்படுகிறேன். ஆனால் அன்று காணாமல் போனது அவளாக இருந்து, தேடிப் போன வெளிச்சம் என் எதிரே நிற்கும்போது, அதை விட்டுவிட்டு நான் அவளுக்காக எழுந்து ஓடியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டால், இன்றுவரை என்னால் சட்டென்று 'ஆமாம்' என்று சொல்ல முடியவில்லை.