தூணுக்குப் பின்னால் நின்ற பண்டாரம்

சுகு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, போர்டிக்சன் பக்கம் சி ரூசாவில் அவன் வாடகை ரூமில். ஹார்ட் என்கிறார்கள். இன்று போர்டிக்சனில் எல்லாம் முடிந்தது... இப்போதுதான் வீட்டுக்கு வந்து குளித்தேன்.

அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன். ஈரத்தலையோடு உட்கார்ந்து இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும் பலருக்கு சுகுவைத் தெரியாது. ஒரு ஹோட்டலில் ஏர்கான் ரிப்பேர் பார்ப்பவன். லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளைத் தட்டிக்கொண்டு எங்கள் கோலா சாவாவுக்கு வந்துவிடுவான், எங்களோடு விளையாட.

விளையாட்டு என்றால் பந்து இல்லை. குமுதா வீட்டு கார் போர்ச்சில் மேசை போட்டு, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு. ஆளுக்கு ஒரு பாத்திரம். பேய், மந்திரம், சண்டை எல்லாம் உண்டு. கதை சொல்பவன் நான். ரூலில் தகராறு வந்தால் தீர்ப்பும் நான்தான்.

குமுதா வாள்காரி. ஜீவா நெருப்பு மந்திரக்காரன். சுகு... கோயில் பண்டாரம்.

முதல் நாளே சொல்லிவிட்டான். "அண்ணே, எனக்கு அடிக்கிற மந்திரம் வேணாம். கூட இருக்கிறவங்களுக்கு உதவுற மாதிரி ஏதாச்சும் கொடுங்க, போதும்."

அவன் எப்போதும் போட்டது ஆசி மந்திரம். அவன் ஆசி கொடுத்துவிட்டால் மற்றவர்கள் அடிக்கும்போது இருபது முகம் உள்ள பெரிய டைஸோடு நாலு முகம் உள்ள ஒரு சின்ன டைஸையும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஒன்று கூடும், இரண்டு கூடும், மிஞ்சிப்போனால் நாலு.

ஜீவாவுக்கு இது ஆகவே ஆகாது. "டேய், ஒரு டர்ன் வேஸ்ட் லா! அந்த டர்ன்ல நீயும் ஒரு அடி போட்டா பேய் பாதி காலி. நீ என்னடான்னா விபூதி பூசிக்கிட்டு நிக்கிற."

"நீங்க அடிங்க லா. நான் தூணுக்குப் பின்னால நிக்கிறேன்."

அதற்குக் காரணம் இருந்தது. ஆசி கொடுத்தவன் விழுந்தால் ஆசியும் போய்விடும். அது ரூல். அதனால் கதையில் அவன் பண்டாரம் அடி படாத இடமாகப் பார்த்து நிற்பான். அதற்கும் ஜீவா கிண்டல் பண்ணுவான்.

கணக்காகப் பார்த்தால் ஜீவா பக்கமும் நியாயம் உண்டு. சின்னச் சண்டையில் ஆசி தண்டம்தான். பேய் செத்த பிறகு ஆசி யாருக்கு? சண்டை இழுத்துக்கொண்டு போனால்தான் அது வேலை செய்யும், அதுவும் யார் கண்ணிலும் படாமல். "என் நெருப்பு பட்டுச்சு!" என்று ஜீவா குதிப்பான். அதில் இரண்டு சுகு போட்டது என்று யார் நினைக்கிறார்கள்...

பெரிய பிரச்சனை என்னவென்றால், சின்ன டைஸை உருட்டவே எல்லாரும் மறந்துவிடுவோம்.

இப்போது எங்கே பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ஆனால் வரும் வழியில் கொஞ்சம் பழைய ரப்பர் மரங்கள் மிச்சம் இருக்கின்றன. அங்கே மோட்டாரை நிறுத்தி ரப்பர் கொட்டை பொறுக்கி வருவான் சுகு. ஆசி போட்டதும் ஆளுக்கொன்று முன்னால் வைப்பான், மறக்கக்கூடாது என்று.

அப்படியும் மறந்தால், கொட்டையை சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து கையில் சூடு வைத்துவிடுவான். எஸ்டேட்டில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சூட்டைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதிகம் வாங்கியது ஜீவாதான். அவன் போடும் கூச்சலில் குமுதாவின் அம்மா உள்ளேயிருந்து கத்துவார். "உங்களுக்கெல்லாம் என்னா வயசாவுது?"

இந்த ஞாயிறு காலை சுகுவின் மெசேஜ் வந்தது.

"அண்ணே, இன்னிக்கு வர முடியாது, உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. போன வாரம் ஆசி போட்டாச்சு, எடுத்துடாதீங்க. நான் தூணுக்குப் பின்னாலயே நிக்கிறேன்."

"ரெஸ்ட் எடு லா" என்று பதில் போட்டேன். பார்த்துவிட்டான். நீல டிக்.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். போன வாரம் பாதியில் விட்ட சண்டை. பாழடைந்த ரப்பர் ஸ்டோருக்குள் ஒரு பேய். பிஸ்கட் டின்னிலிருந்து கொட்டைகளை எடுத்து நானே எல்லார் முன்னாலும் வைத்தேன்.

குமுதாவின் வாள்காரி சாகக் கிடந்தாள். இந்த அடி பட்டால் பேய் காலி. படாவிட்டால் அடுத்தது பேயின் டர்ன், அவள் காலி. பதினைந்து வேண்டும். உருட்டினாள்... பன்னிரண்டு. முகத்தை மூடிக்கொண்டாள்.

கத்தியது ஜீவா. "அக்கா, சின்ன டைஸ்! சின்ன டைஸ் உருட்டல!"

உருட்டினாள். மூன்று.

அப்படி ஒரு சத்தம் அந்த கார் போர்ச்சில் நான் கேட்டதில்லை. ஜீவா அந்தக் கொட்டையை போட்டோ பிடித்து சுகுவுக்கு அனுப்பினான். "விபூதி வேலை செய்யுது டா." டிக் நீலமாகவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தோம்.

சாயங்காலம் சுகுவின் அக்கா போன் பண்ணினார். மதியத்துக்கு முன்னாலேயே போய்விட்டானாம்.

முன்னாலேயே. நாங்கள் மேசையில் உட்காருவதற்கு முன்னால்...

இன்று சுடுகாட்டில் ஜீவா என் பக்கத்தில் வந்து நின்றான். அப்புறம் செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே... ரூல்படி பார்த்தா, அப்ப ஆசி இல்லதானே? குமுதாக்கா அடிச்ச அடி செல்லாதா?"

யாரும் அவனைத் தப்பாக நினைக்க வேண்டாம். அவனுக்கு வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. குமுதா தண்ணி பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தேன்.

இப்போது சொல்கிறேன் ஜீவா. குமுதா, நீயும் படி.

ஆசியை எடுத்துடாதீங்க என்றான். எடுக்கவில்லை. அந்த அடி செல்லும்.

போய் வா சுகு.