இண்டைக்கு என்ரை முறை

இது நடந்த கதை. நம்பாத வீரர்கள் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்து, அந்தத் தோட்டக் கிணற்றடியில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தனியே நின்றுவிட்டு, பிறகு என்னோடு வாயைக் காட்டட்டும். பட்டவள் பிரசாந்தி. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

அது பங்குக் கிணறு. ஆறு வீட்டுக்கு ஒன்று. வீட்டுக்கொரு நாள் இறைப்பு முறை. முறை பேசுவதற்கென்றே வாட்ஸ்அப்பில் ஒரு குழு. அதை நடத்துபவள் பிரசாந்தி. அந்தக் குழுவில் சண்முகநாதன் என்றொரு தனிக்கட்டை. வயது அறுபது. அப்பப்பா, என்ன அலுப்பு! "நேற்றுப் பன்னிரண்டு நிமிசம் கூட இறைச்சது ஆர்?" "வாய்க்காலை ஆர் வெட்டினது?" விடிந்தால் பொழுதுபட்டால் இதே நச்சரிப்பு. பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழேயும் வாய்க்கால் கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை பிரசாந்திக்குப் பொறுமை போய்விட்டது. மற்ற நாலு வீட்டுக்கும் தனித்தனியே எழுதினாள்: "உந்த மனுசனுக்கு ஆரும் பதில் போடாதேங்கோ. தானா அடங்கும்." எல்லோரும் ஓம் என்றார்கள்.

திங்கள் காலை 6.05. "கிணத்தடிக்கு ஆராவது ஒருக்கா வாங்கோ" என்று அவர் குழுவில் எழுதினார். எல்லோரும் பார்த்ததற்கு அவருடைய போனில் நீலச் சரி விழுந்திருக்கும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிரசாந்தி மட்டும் "என்ன அண்ணை?" என்று எழுதினாள். பிறகு, இடங்கொடுத்தால் தலையில் ஏறிவிடுவார் என்று அனுப்பாமலே அழித்துவிட்டாள். அன்றைய முறைக்காரர் கலியாணவீட்டுக்குப் போனதால் கிணற்றடியில் ஆளே இல்லை. குழுவும் அமைதி. அவளுக்கு நல்ல சந்தோசம்.

செவ்வாய் சண்முகநாதனின் முறை. பதினொன்றரை வரை ஆளைக் காணவில்லை. வெங்காயம் வாடுகிறதே என்று பிரசாந்தியின் கணவன் மயூரதன் எழும்பினான்.

"அந்தாள் வரேல்லை. நான் இறைக்கப் போறன்."

12.07. போன் கிணிங் என்றது. குழுவில் அல்ல, அவளுக்குத் தனியே.

"பிள்ளை, இண்டைக்கு என்ரை முறை."

தொடங்கிவிட்டார் மனுசன்... அவள் பதில் போடவில்லை.

12.09. "மயூரதனை மெசினை நிப்பாட்டச் சொல்லு."

பக்கத்தில் எங்கோ நின்று பார்க்கிறார் போல. வாசலுக்கு வந்து பார்த்தாள். வெயில். ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. தோட்டத்தில் இறைப்பு மெசின் மட்டும் டப்டப்டப் என்று...

12.11. "நான் உள்ளுக்கைதான் நிக்கிறன்."

எதற்குள்ளே? புளொக் பண்ணுவதா, பதில் போடுவதா...

டப்டப்... டப்...

மெசின் நின்றது.

செருப்பும் போடாமல் ஓடினாள். மயூரதன் கிணற்றுக்குள் இறங்கும் முதல் படிக்கல்லில் காலை வைத்திருந்தான்.

"பைப்பின்ரை வாயிலை என்னவோ அடைச்சிட்டுது. இறங்கிப் பாக்கிறன்."

கையில் போன் கிணிங் என்றது. 12.14.

"இறங்க விடாதை. ரெண்டாவது கல்லு இளகியிருக்கு."

"இஞ்சருங்கோ! ஏறுங்கோ மேலை!"

திடுக்கிட்டு ஏறினான். மண்வெட்டிப் பிடியால் இரண்டாம் கல்லைத் தட்டிப் பார்த்தான்.

தொபுக்.

கல் போய்விட்டது. தண்ணீர் கலங்கியது. அடியிலிருந்து மெதுவாக...

ஒரு வெள்ளைச் சட்டை மேலே வந்தது.

சண்முகநாதனுக்குத் திங்கள் காலை ஏழு மணிக்கு முன்னமே உயிர் போய்விட்டது என்றார் டொக்டர். வேலியோரம், கல்லைப் பூசுவதற்கு அவர் குழைத்து வைத்த சீமெந்து வாளியிலேயே இறுகிக் கிடந்தது. கைபிடிக்கத்தான் ஆள் கூப்பிட்டிருக்கிறார் பாவி மனுசன். ஒருவரும் வராததால் தனியே இறங்கியிருக்கிறார். போன் சட்டைப்பைக்குள் இருந்தது, தண்ணீர் குடித்துச் செத்துப்போய்.

செத்தவீடு முடிந்த அடுத்த நாள், பிரசாந்தி அழுதுகொண்டே அவருக்கு எழுதினாள். திங்கட்கிழமை அழித்த அதே இரண்டு சொல்தான்.

"என்ன அண்ணை?"

அவருடைய போன் அப்போது பொலிஸ் நிலையத்தில், பொலித்தீன் பைக்குள் கிடந்தது.

மத்தியானம் 12.07 மணிக்கு நீலச் சரி விழுந்தது.