அக்கா வீட்டுக் களிக்கு வந்தவர்கள்

அக்கா கர்த்தருக்குள் உறங்கியபோது கிட்டே இருந்தவர்கள்: நான். என் மனைவி. அக்கா மகள். போதகர் ஐயா. சென்னையிலிருந்து வந்த கல்லூரி டீச்சரம்மா.

டீச்சரம்மா நமக்கு என்ன உறவு என்று அடக்கத்துக்கு வந்த பலர் கேட்டீர்கள். தெரிந்ததை எழுதுகிறேன். எனக்கே முழுதாக விளங்கவில்லை.

அக்கா பிறந்தது தேசூர். வாழ்க்கைப்பட்டது முள்ளிப்பட்டு. மாமா சீக்கிரம் போய்விட்டார். அக்கா பட்டுத் தறியில் உட்கார்ந்து மகளை ஆளாக்கினார். அழுது நான் பார்த்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் முட்டி பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் கால் இறங்கவில்லை. வேறு பிழைப்பு வேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

அப்போது ஒரு ஞாயிறு, டீச்சரம்மா மாணவிகளோடு நெசவு பார்க்க வந்தார். ஞாயிறு நம் வீட்டில் தறி ஓடாது. அக்கா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். "அடுத்த மாசம் சாப்பிடவே வரோம், காசு வாங்கிக்கணும்" என்றார் டீச்சரம்மா.

"அரிசிக்கு வக்கில்லாம துன்றோம். அத்தத் துன்ன பஸ் ஏறி வருவாங்களா? கிண்டல் பண்றாங்கடா தம்பி" என்றார் அக்கா.

"வந்தா பாத்துக்கலாம்" என்றேன்.

வந்தார்கள். அக்கா மானம் பார்த்து அரிசிச் சோறு, சாம்பார், அப்பளம், பாயசம் போட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"களி இல்லீங்களா?" என்றது ஒரு பெண்.

"சீ! அத்தப் போயி உங்களுக்குப் போடுவனா?"

பிறகு இரண்டு மாதம் யாரும் வரவில்லை. "மரியாத பண்ணது தப்பாடா?" என்று அக்கா கேட்டார்.

மகளை விட்டு டீச்சரம்மாவுக்குக் கார்டு எழுத வைத்தார். "வரும் மாதம் முதல் ஞாயிறு களிதான் போடுவோம். வரவும்." அவ்வளவுதான்.

குறித்த ஞாயிறு பெரிய பானையில் களி கிண்டினார்.

"யாருமே வரலன்னா இத்தன களிய என்னாக்கா பண்றது?"

"நீ துன்னு. பேசிகினு நிக்காத, ஜல்தி எல அறுத்துகினு வா."

ஒரு வேன் நிறைய வந்தார்கள். அன்றிலிருந்து மாதாமாதம் வந்தார்கள். கம்பங்கூழ், முருங்கைக்கீரை என்று கேட்டுச் சாப்பிட்டார்கள். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அவர்களுக்காக உலை வைத்தார்கள். அக்கா மறுபடி தறியில் உட்காரவில்லை.

இதில் என்ன கண்டு வந்தார்கள் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அக்காவும் புரியாமலேதான் போட்டார்.

படுக்கையில் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், ஜெபித்த சபையாருக்கும், பெட்டி தூக்கிய தெருக்காரர்களுக்கும், அக்கா படுத்துவிட்ட செய்தி கேட்டு ஓடி வந்த டீச்சரம்மாவுக்கும் நன்றி.

படுக்கையில் விழுவதற்கு முந்தின ஞாயிறு அக்கா கையால் களி சாப்பிட்டவர்கள் நாற்பத்து மூன்று பேர்.