கேட்டும் கோடும்

“கோடு இருக்கிற எடத்துல கேட் இல்ல, கேட் இருக்கிற எடத்துல கோடு இல்ல.”

அந்த நாட்களில் என் அத்தை இதைச் சொல்லாமல் ஒரு பஞ்சரும் ஒட்டியதில்லை. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு சொல்லுவாள். கேட்கப் பிடிக்காதவன் வண்டியை உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

அத்தையின் பஞ்சர் கடைக்கு எதிரே நகராட்சிப் பூங்கா. முன்பு அதன் கேட் தெருமுனைப் பக்கம் இருந்தது. அதற்கு நேராகச் சாலையைக் கடக்க வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். பிறகு பூங்காக்காரர்கள் அந்தக் கேட்டை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டு, புதுக் கேட்டைக் கடைக்கு நேராக, வண்டிகள் வளைந்து வேகமெடுக்கிற இடத்தில் வைத்தார்கள். சாலைக்காரர்கள் கோட்டை நகர்த்தவில்லை. சுவரில் போய் முட்டுகிற அந்தக் கோட்டுக்கே வருடா வருடம் பெயிண்ட் அடித்தார்கள். நடைபாதை என்று ஒன்று இருந்தது. அதன்மேல் மின்பெட்டியும் உடைந்த பலகைக் கற்களும் குடியிருந்தன. மனிதர்கள் சாலையில் நடந்தார்கள். அந்தச் சாலையில் ரத்தம் படாத ஒரே இடம் வெள்ளைக்கோடு. அதில்தான் யாரும் நடப்பதில்லையே.

அத்தை ஆள் குட்டை, கை சம்மட்டி. துருப்பிடித்த ரிம்மை விட்டு வராத லாரி டயர் மேல் ஏறி நின்று ஒரே போடு போடுவாள். டயர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வரும். டயரைக் கிளப்புகிற இரும்பு லிவர் எப்போதும் இடுப்பில் இருக்கும். தெருவில் அவள் பெயரும் ‘லிவர்’தான். ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பதைச் சொந்தத் தம்பியை வைத்தே சோதித்துப் பார்த்தவள். அந்தத் தம்பி என் அப்பா. முன்பல் இல்லாத இடத்தை இன்றைக்கும் நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்வார்.

மாமா நேர் எதிர். எறும்புக்கு வழிவிட்டு நடப்பார். வேலை, அந்தப் பூங்காவில் காவல். தினமும் கடையிலிருந்து இறங்கி, சாலையைத் தாண்டி, கேட்டுக்குள் போக வேண்டும். அத்தையின் புகாருக்கு அதுதான் வேர்.

சாலைப் பொறியாளரிடம் போனாள். அவருக்குத் தெருவில் ‘அதாவது’ என்று பெயர். மூக்கால் பேசுவார்.

“அதாவதும்மா, சொவத்தை ஒட்டின ஓரம் பூங்காவோடது. அதாவது, நாங்க கை வைக்க முடியாது.”

பூங்கா அதிகாரியிடம் போனாள். அவர் பெயர் ‘பாக்கலாம்’. கொட்டாவியும் பேச்சும் அவருக்கு ஒன்றாகவே வரும்.

“எங்க எல்லை சொவரோட முடிஞ்சுதும்மா. வெளிய அவங்களுது. பாக்கலாம்.”

“பாருங்க சார், கண்ணு ரெண்டும் நல்லாதானே இருக்கு. இருக்கும்போதே பாத்துருங்க,” என்றாள் அத்தை. ஆபீஸ் காவலாளி வந்து அவளை வெளியே கூட்டிப்போனார்.

ஒரு காலை மாமா சாப்பாட்டு டப்பாவோடு சாலையில் இறங்கினார். வளைவில் வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது, பிரேக் அடிக்கவில்லை. முன்சக்கரம் அவருடைய வலது காலில் ஏறி இறங்கியது. பதறிப்போன டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தான். அதே கால், இன்னொரு தடவை. எலும்பு நொறுங்கிய சத்தம் கடைவரைக்கும் கேட்டது.

அத்தை அலறவில்லை. தொங்கிக்கொண்டிருந்த பழைய டியூபை அறுத்து, ரத்தம் பீறிட்ட தொடையை இறுக்கிக் கட்டினாள். அந்தக் கட்டுதான் உயிரைப் பிடித்து வைத்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். கட்டி முடித்துவிட்டுத்தான் லிவரை உருவினாள். கதவைத் திறந்து டிரைவரைச் சட்டையோடு கீழே இழுத்தாள். முதல் அடியில் தாடை பெயர்ந்தது. இரண்டாவது அடிக்குள் நாலு பேர் அவளைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தவர்களில் ஒருவருக்கு மூக்கு உடைந்தது.

மாமா தரையில் கிடந்தபடி, “விடும்மா, அவனுக்கும் குடும்பம் இருக்கும்,” என்றார்.

“இருக்கட்டும். இனிமே சோத்தைக் கரைச்சு வாயில ஊத்தட்டும்.”

காவல் நிலையத்தில் அவளை வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். மாமா ஒரு காலோடும் ஊன்றுகோலோடும் வீடு வந்தார். கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள்; தாண்டுவதற்கு அதே சாலை. அவர் இறங்கும்போதெல்லாம் அத்தை சம்மட்டியோடு நடுச்சாலையில் நின்றாள். ஒருநாள் அவள் கடை வேலையில் இருந்தபோது பைக்கில் வந்த ஒருவன் ஊன்றுகோலைத் தட்டிவிட்டுப் போனான். மாமா முகம் உரசி விழுந்தார்.

மறுவாரம் பெயிண்ட்காரர்கள் வந்தார்கள். சுவருக்கு நேராகவே டப்பாவைத் திறந்தார்கள்.

“தம்பி, கேட் இங்க இருக்குப்பா,” என்றாள் அத்தை.

“சொன்ன எடத்துலதான் அடிப்போம்கா.”

“நானும் அப்டித்தான்.”

கடப்பாரையை எடுத்து வந்தாள். கேட்டுக்கு நேராக, தார்ச் சாலையைக் குறுக்கே பிளக்க ஆரம்பித்தாள். ஹாரன் அடித்துக்கொண்டு வந்த கார் பள்ளத்தில் இறங்கி முகம் நசுங்கி நின்றது. கையை ஓங்கிக்கொண்டு வந்த கார்க்காரனைக் கடப்பாரையின் மழுங்கிய முனையால் வயிற்றில் ஒரு குத்து. அவன் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மாமா கேட்டிலிருந்து கூப்பிட்டார். “இந்தா, போதும், உள்ள புடிச்சுப் போட்டுருவாங்க.”

“நீங்க கேட்டைப் பாருங்க. உங்க வேலை அதானே.”

போலீஸ்காரர் வந்தார். பின்னாலேயே ‘அதாவது’வும் ‘பாக்கலாம்’மும் வந்தார்கள். போலீஸ்காரர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். “கார்க்காரர் கதை தனி. ரோடு ஒடைஞ்சதுக்கு யாரு புகார் குடுக்கறீங்க?”

“எங்க எல்லை சொவரோட முடிஞ்சுது,” என்றார் ‘பாக்கலாம்’.

“அதாவது, கேட்டுக்கு முன்னால இருக்கறது பூங்கா ஓரம்.”

“அப்ப இது யாரு ரோடும் இல்ல. இல்லாத ரோடைத்தானே அந்தம்மா ஒடைக்குது,” என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்தார்.

அத்தை மறுபடி கடப்பாரையை ஓங்கிப் போட்டாள். சில்லு ஒன்று தெறித்து ‘அதாவது’வின் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் மூக்கு வழியாக வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மனிதர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ‘அதாவது’ இல்லாமல் பேசினார்.

“ஏய், என் ரோடு இது. என் ரோடை ஒடைக்க நீ யாரு?”

தெருவே கேட்டது. ‘பாக்கலாம்’ கொட்டாவியைப் பாதியில் மூடினார். அத்தை கடப்பாரையைக் கீழே போட்டாள். அந்தக் கோடு-கேட் புகாரை அதற்குப் பிறகு யாரிடமும் அவள் சொன்னதில்லை. போலீஸ்காரரைப் பார்த்துக் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“கேட்டுக்கிட்டீங்களாய்யா? ரோடு சாரோடதாம். அப்ப அதுல போன என் வீட்டுக்காரர் காலும் சார் பொறுப்புதான். ஒடைஞ்ச ரோடையும் ஒடைஞ்ச காலையும் ஒண்ணா எழுதுங்க, நானே வந்து வண்டியில ஏர்றேன். அதுக்கு முன்னால அந்தப் பெயிண்ட் டப்பாவக் கேட்டுக்கு நேரா தூக்கிட்டு வரச் சொல்லுங்க. சொவரு எந்தக் காலத்துல ரோடு தாண்டுச்சு?”